அண்ணன் திறந்துவிட்ட சேர்மன் வீடு

இந்த மலரைக் கையில் எடுத்திருக்கும் சொந்தங்களுக்கும், அண்ணனோடு பழகிய அத்தனை பேருக்கும் வணக்கம்.

அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. ஐயர் திதி நாளைச் சொன்னபோது, "இன்னொரு தடவை பஞ்சாங்கத்தைப் பாருங்க சாமி" என்றேன். பார்த்துவிட்டு அதே நாளைத்தான் சொன்னார். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. போன் அடித்தால் முதலில் அண்ணன் பெயர்தான் மனதில் வருகிறது.

நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார். எனக்குத் தகுதி இல்லை என்றேன். "தகுதி என்னம்மா தகுதி. நடந்ததை எழுது. ஒண்ணையும் விடாம எழுது. அவங்களும் அதைத்தான் விரும்புவாங்க" என்றார். ஆகவே எழுதுகிறேன். இதில் எங்கள் தாத்தாவைப் பற்றியும் எங்கள் வீட்டைப் பற்றியும் வருகிறது. சிலருக்கு வருத்தமாக இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தா.பழூருக்கும் கொள்ளிடக் கரைக்கும் இடையில் உள்ளது எங்கள் ஊர். அங்கே 'சேர்மன் வூடு' என்று கேட்டால் எந்தக் குழந்தையும் வழி காட்டும். எங்கள் தாத்தா முதலில் ஊராட்சித் தலைவராக இருந்து, பிறகு ஒன்றிய சேர்மன் ஆனவர். ஊருக்குத் தார் ரோடு, நடுநிலைப் பள்ளி, வாய்க்கால் பாலம் எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. அவர் செய்த நல்லதுக்காக ஊர் மக்களே ஒன்று கூடி, கல்லும் மரமும் சுமந்து வந்து அவருக்கு இந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தார்கள் என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். அப்பா அப்படித்தான் சொன்னார். நாங்களும் எங்கள் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொன்னோம்.

அந்த வீட்டில் பிறந்த முதல் குழந்தை எங்கள் அண்ணன். அவருக்கு ஐந்து வயது இளையவள் நான். எனக்குப் பின் தம்பி. மூன்று பேரும் அங்கேதான் வளர்ந்தோம்.

வீட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்பக்கம் இரண்டு நீளமான கூடங்கள். ஒவ்வொன்றிலும் எதிரெதிராக ஆறு ஆறு சன்னல்கள். கதவுகள் எல்லாம் நல்ல அகலம். ஒரு கட்டிலை ஆளோடு தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போய்விடலாம். இரண்டு கூடங்களுக்கும் நடுவே ஒரு சிறிய அறை. அந்த அறைச் சுவரில் ஒரு சதுரத் திறப்பு, அதன் கீழே ஒரு பலகை. ஊர்ச் சனங்கள் வெளியில் நின்று மனுவை அந்த வழியாக நீட்டுவார்கள், தாத்தா உள்ளே உட்கார்ந்து வாங்குவார் என்று அப்பா விளக்கம் சொல்வார். எங்களுக்கு அது டூரிங் டாக்கீஸ் விளையாட்டுக்கு வாகாக இருந்தது. அண்ணன் உள்ளே நின்று டிக்கெட் கொடுப்பார். ஒரு குடும்பம் குடியிருக்கும் வீட்டில் இத்தனை சன்னல் எதற்கு, இவ்வளவு அகலக் கதவு எதற்கு என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

தாத்தாவுக்குப் பின் குடும்பம் இறங்கியது. அரசியலுக்கும் தேர்தலுக்குமாக நிலத்தில் பாதி போயிருந்தது. அப்பாவுக்கு விவசாயம் கைகூடவில்லை. அண்ணன் திருச்சியில் கல்லூரியில் சேர்ந்து இரண்டாம் வருடத்தில் பாதியில் திரும்பி வந்தார். என்னைப் படிக்க வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். பிறகு கால்நடை ஆய்வாளர் பயிற்சி முடித்து வேலைக்குப் போனார். முப்பத்தைந்து வருடம் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் அவர் மொபெட் போகாத இடம் இல்லை. சிறுவாச்சூர்ப் பக்கம் இருந்தபோது, எறையூர்க் கரும்புக் கொல்லைக்கு நடுவில் ஒரு மாடு கன்று ஈன முடியாமல் கிடக்கிறது என்று சேதி வந்தது. அன்று அவருக்கே நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். அண்ணி தடுத்தும் கேட்காமல் போனார். கன்று குறுக்கே கிடந்திருக்கிறது. தோள்பட்டை வரை கையை விட்டு, இரண்டு மணி நேரம் போராடி, தாயையும் கன்றையும் பிழைக்க வைத்துவிட்டுத்தான் வந்தார். அந்த மாட்டுக்காரர் அண்ணன் சாவுக்கு வந்திருந்தார். அவர்தான் இதை என்னிடம் சொன்னார். அண்ணன் சொன்னதில்லை.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, பெரம்பலூரில் கல்யாணமாகி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். பெண் பார்க்க வந்தபோது என் மாமனார் கேட்ட முதல் கேள்வி, "சேர்மன் பேத்தியா?" என்பதுதான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் அறிமுகம். அறுபது வயதை நெருங்கும் வரை அந்தப் பெயரில்தான் நிமிர்ந்து நடந்தேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

அண்ணன் ஓய்வு பெற்றதும் ஊருக்கே வந்து அண்ணியோடு அந்த வீட்டில் குடியேறினார். மகளுக்குக் கல்யாணம் முடிந்து கோயம்புத்தூரில் இருந்தாள். வீட்டைப் புதுப்பிக்க வேண்டும், தாத்தாவின் படத்தை முன்கூடத்தில் வைத்து ஒரு விழா எடுக்க வேண்டும், வாசலில் கல்வெட்டு வைக்க வேண்டும் என்று அண்ணன், நான், தம்பி மூன்று பேரும் பேசி முடிவு செய்தோம். 'மக்கள் தம் அன்பால் எழுப்பிய இல்லம்' என்ற வாசகத்தை எழுதிக் கொடுத்தவள் நான்தான். பழைய வீடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு பேராசிரியர் வந்து படம் எடுத்துக்கொண்டு, இது வரலாற்றுச் சின்னம், காப்பாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருடம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வாசல் நெற்றியில் சுண்ணாம்புச் சுதையால் செய்த ஒரு கஜலட்சுமி உண்டு. ஒருநாள் காலையில் அதில் பாதி உடைந்து கீழே விழுந்தது. வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் வேலு சாரம் கட்டி ஏறி மீதியையும் பெயர்த்தார். பிறகு மேலே இருந்தபடியே அண்ணனைக் கூப்பிட்டார்.

கஜலட்சுமிக்குப் பின்னால் எழுத்துகள் இருந்தன. ஒரு முழம் உயரத்துக்குக் காரையிலேயே புடைப்பாக எடுத்த எழுத்துகள். 'தாய் சேய் நல விடுதி.'

அண்ணன் ஏணியில் ஏறி அந்த எழுத்துகளைக் கையால் தடவிப் பார்த்தாராம். இறங்கி வந்து, "என்ன வேலு இது?" என்று கேட்டார்.

வேலுவுக்கு ஆச்சரியமே இல்லை. "ஆஸ்பத்திரிக்குக் கட்னதுதானுங்களே சார்" என்றார்.

"ஆஸ்பத்திரியா? உனக்கு யாரு சொன்னா?"

"ஊருக்கே தெரியுங்களே."

"எங்களுக்குத் தெரியாதே வேலு."

வேலு கையிலிருந்த கரணையைத் துடைத்தார். பிறகு, "உங்ககிட்ட யாருங்க சார் வந்து சொல்லுவா?" என்றார்.

அன்று காலையே அண்ணன் எனக்குப் போன் செய்தார். குரலே அவருடையதாக இல்லை. "பாப்பா, நம்ம வூடு நம்ம வூடு இல்ல" என்றார். நான் ஏதோ நில வழக்கு என்று நினைத்தேன்.

வேலுவின் அம்மா செல்லம்மாள். எழுபது தாண்டியவர். எங்கள் தெருவுக்குப் பின்னால் நாலாவது தெருவில் இருக்கிறார். சின்ன வயதில் அந்தக் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தவர் என்று வேலு சொன்னதைக் கேட்டு, அண்ணன் அன்றே அவரைப் பார்க்கப் போனார். செல்லம்மாக்கா சொன்னதை அண்ணன் என்னிடம் சொன்னார். பிறகு நானும் அவர் வாயால் கேட்டுவிட்டேன். அதனால் என்னால் உறுதியாக எழுத முடிகிறது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பிரசவம் சிக்கலானால் ஜெயங்கொண்டத்துக்கு மாட்டு வண்டிதான். வழியிலேயே போன பெண்கள் நிறைய. ஊராட்சித் தலைவராக இருந்த தாத்தா, ஊரைக் கூட்டி, "நமக்குன்னு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டுவோம். இடம் நான் தரேன், மத்ததை நீங்க பாருங்க" என்று சொன்னார். ஊர் நம்பியது. சூளைக்காரர்கள் செங்கல் கொடுத்தார்கள். தேக்கும் வேம்பும் கொடுத்தவர்கள் உண்டு. ஒன்றும் இல்லாதவர்கள் வீட்டுக்கு ஒருவர் வந்து வேலை செய்தார்கள். கர்ப்பமாக இருந்த பெண்கள்கூடச் சுண்ணாம்பு இடித்தார்களாம். "நாளைக்கு நாமதானே வந்து படுக்கப் போறோம்னு சொல்லிச் சிரிச்சிக்கிட்டே இடிப்பாளுவ" என்றார் செல்லம்மாக்கா. அப்போது அவருக்குப் பத்து பதினோரு வயது.

கட்டடம் முடியும் நேரத்தில் தாத்தா சேர்மன் ஆகிவிட்டார். அதிகாரிகளும் கட்சிக்காரர்களும் வரப்போக இருந்தார்கள். பழைய ஓட்டு வீட்டில் அவர்களை உட்கார வைக்க இடமில்லை. டாக்டர் வருகிறவரைக்கும் இருந்துகொள்கிறேன் என்று சொல்லிக் குடும்பத்தோடு உள்ளே வந்தார். யாரும் தடுக்கவில்லை. அப்போது எங்கள் அம்மா அண்ணனை வயிற்றில் சுமந்திருந்தார். பிரசவம் பார்க்கக் கும்பகோணத்திலிருந்து ஒரு நர்ஸை வரவழைத்து வீட்டிலேயே தங்க வைத்திருந்தார்கள். அண்ணன் பிறந்தார். ஊருக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார்கள்.

அதற்குப் பத்தாவது நாள் செல்லம்மாக்காவின் அக்கா ராசாத்திக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். குழந்தையின் கை முதலில் வந்துவிட்டது. வண்டியில் ஏற்றி, நேராக நம் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். செங்கல் சுமந்த இடம், வேறு எங்கே போவார்கள்?

கேட் பூட்டியிருந்தது. உள்ளிருந்து ஆள் வந்து, இங்கே டாக்டர் இல்லை, ஜெயங்கொண்டத்துக்குப் போங்கள் என்றார்.

"உள்ள நர்சம்மா இருந்துச்சு தம்பி" என்று செல்லம்மாக்கா அண்ணனிடம் சொன்னார். "வெள்ளைச் சீலை கட்டிக்கிட்டு சன்னல்கிட்ட நின்னுச்சு. நான் பாத்தேன். எங்கய்யா கேட்டைப் புடிச்சிக்கிட்டு, நர்சம்மாவை மட்டும் அனுப்புங்க சாமின்னு கெஞ்சுனாரு. பச்சப்புள்ள இருக்கிற எடத்துல சத்தம் போடாதீங்கன்னு சொல்லிட்டாங்க."

வண்டி ஜெயங்கொண்டம் போய்ச் சேரவில்லை. உடையார்பாளையம் சாலைக்குப் போகும் முன்பே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். ராசாத்திக்குப் பதினெட்டு வயது.

அந்தப் பச்சப்பிள்ளை எங்கள் அண்ணன்.

இதை அண்ணன் போனில்தான் சொன்னார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது நினைவிருக்கிறது. எங்கள் அம்மா அன்றைக்கு அந்த வீட்டுக்குள் படுத்திருந்தார். வாசலில் நடந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்குமா? கேட்க இப்போது அம்மா இல்லை.

இதைப் படிக்கும் உறவினர்கள், ஒரு பாட்டி சொன்னதை வைத்து இவ்வளவு எழுதலாமா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். "வயசானவங்க, எதையோ நெனச்சிக்கிட்டு எதையோ சொல்லுவாங்கண்ணே" என்றேன். அண்ணன் பதிலுக்கு வாதம் செய்யவில்லை. பரணில் கிடந்த தாத்தாவின் இரும்புப் பெட்டியை இறக்கி, ஒரு வாரம் உட்கார்ந்து காகிதம் காகிதமாகப் பார்த்தார். இரண்டு காகிதங்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். ஒன்று சுகாதாரத் துறையிலிருந்து வந்தது. நர்ஸ் நியமிக்கத் தயாராக இருக்கிறோம், கட்டடத்தை ஒப்படைக்கவும் என்று கேட்டது. மற்றொன்று தாத்தா அனுப்பிய பதிலின் கார்பன் நகல். கட்டட வேலை இன்னும் முடியவில்லை, முடிந்ததும் தெரிவிக்கிறேன் என்று எழுதியிருந்தார். கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து. அந்தப் பதில் போன தேதியில் அண்ணனுக்கு இரண்டு மாதம் நிறைந்திருந்தது.

நான் உடனே போன் செய்து, "அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்கண்ணே" என்றேன். ஒரு தலைமையாசிரியர் சொல்லக்கூடிய வார்த்தையா அது? சொன்னேன்.

"எதுக்குப் பாப்பா?"

"தாத்தா பேரு என்னாவும்? நம்ம பேரு என்னாவும்? எம்புள்ளைங்க மொகத்துல எப்புடி முழிப்பேன்?"

"முப்பத்தஞ்சு வருஷம் மாட்டுப் பிரசவத்துக்கு ஓடியிருக்கேன். எந்த வாசல்லயும் ஆளு இல்லன்னு சொல்லி அனுப்புனதில்ல. என்னை வச்சுக்கிட்டு ஒரு பொம்பளையத் திருப்பி அனுப்பியிருக்காங்க. நான் எப்புடி அந்தக் கூடத்துல படுத்துத் தூங்குறது?"

விழாவை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை; என் பேச்சைக் கேட்டு விஷயத்தை விட்டுவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். தேதி குறித்தபடியே நடந்தது. பந்தல் போட்டு, தாத்தா இருந்த கட்சியின் பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். உறவு முழுக்க வந்திருந்தது. ஊர் மக்களும் வந்திருந்தார்கள். செல்லம்மாக்கா மட்டும் கேட்டுக்கு வெளியே, ரோட்டின் அந்தப் பக்கம் நின்றிருந்தார். அண்ணி போய்க் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

வாசல் நெற்றியை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். கல்வெட்டைத்தான் அங்கே பதித்திருக்கிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். தாத்தாவைப் புகழ்ந்து மூன்று பேர் பேசி முடித்தார்கள். நன்றி சொல்ல அண்ணன் எழுந்தார். மேடைப் பேச்சு அவருக்கு வராது. ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு பேசினார்.

"பெரியவங்க மன்னிக்கணும். இந்த வூட்ட எங்க தாத்தாவுக்காக நீங்க கட்டலை. பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கட்டினீங்க. நாங்க உள்ள வந்து குடியிருந்துட்டோம். அறுபது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. ராசாத்தின்னு ஒரு பொண்ணு இந்த கேட்டுக்கு வந்து திரும்பிப் போயி எறந்துபோச்சு. அப்ப நான் உள்ள இருந்தேன். எங்க குடும்பத்து சார்பா உங்ககிட்ட மன்னிப்புக் கேக்குறேன். இந்தக் கட்டடத்தை ஆஸ்பத்திரிக்கே கொடுத்துடறதுன்னு இருக்கேன்."

வேலு கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. 'தாய் சேய் நல விடுதி' என்று வெயிலில் அந்த எழுத்துகள் தெரிந்தன.

கைதட்டல் இல்லை, அழுகை இல்லை. ஊர்ச் சனங்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குற்றம் செய்தவர்கள் அவர்கள் என்பதுபோல. முன்வரிசையில் ஒருவர், "மைக்கை வாங்குங்கப்பா" என்றார். இன்னொருவர் எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் சம்பந்தி வீட்டார் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து, யாரிடமும் சொல்லாமல், காரில் ஏறிப் பெரம்பலூர் வந்துவிட்டேன். அண்ணன் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

அதன்பின் ஏழு மாதம் அண்ணனோடு நான் பேசவில்லை. உறவில் பலரும் பேசவில்லை. இப்போது இதைப் படிக்கும் உங்களில் சிலர் அப்போது என்னிடம் போன் செய்து, அண்ணனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை.

அவர் தளரவில்லை. வீடு அப்பாவின் பெயரில் இருந்ததால் மூன்று வாரிசுகளும் சேர்ந்துதான் எழுதிக் கொடுக்க முடியும். தம்பி சென்னையிலிருந்து வந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனான். மீதி இருந்தது என் கையெழுத்து.

ஒருநாள் மத்தியானம் அண்ணன் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். வேர்வையில் சட்டை நனைந்திருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன், காப்பி கொடுத்தேன். பேச்சுக் கொடுக்கவில்லை. காகிதங்களை மேசையில் வைத்தார்.

"பாப்பா, படிச்சுப் பாத்துட்டு உனக்குத் தோணுச்சுன்னா போடு. அவசரமில்ல."

"தோணாதுண்ணே" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "தாத்தா ஒரு தடவைதான் செத்தாரு. ஊரக் கூட்டி வச்சு நீங்க ரெண்டாவது தடவை கொன்னுட்டீங்க. குடும்பத்துக்குத் துரோகம் பண்ணவரு எங்கூட்டுக்கு எதுக்கு வந்தீங்க?"

அண்ணனின் முகம் மாறியது. ஆனால் கோபப்படவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "சரிம்மா. ஒனக்கு சுகர் இருக்கு, நேரத்துக்குச் சாப்புடு" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெயிலில் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார். காரில் கொண்டுபோய் விடுங்கள் என்று நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு அண்ணி போனில் அலறினார். வார்த்தை புரியவில்லை. வேறு யாரோ போனை வாங்கி, அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றார்.

அண்ணன் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போயிருக்கிறார். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலடி நடந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முன்பின் தெரியாத ஓர் ஆட்டோக்காரர் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. முதல் நாள் வரை சைக்கிள் மிதித்தவர், ஒரு மாத்திரை போடாதவர். நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். துணியை விலக்கச் சொல்லிக் கத்தினேன். விலக்கியதும் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். அவரிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை துரோகம் என்பதுதான். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இந்த ஒரு வருடமாகத் தெரியவில்லை.

உடலை ஊருக்குக் கொண்டுவந்து முன்கூடத்தில் வைத்தோம். விழாவன்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்த ஊர் மொத்தமும் வந்தது. நாலாவது தெருவிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்து, கேட்டுக்கு வெளியே நின்று மாரடித்து அழுதார்கள். அண்ணி எழுந்து போய், "உள்ள வாங்கம்மா, எல்லாரும் உள்ள வாங்க" என்றார். அவர்களுக்கு முன்னால் செல்லம்மாக்கா வந்தார். கட்டி முடித்த பிறகு அந்தக் கேட்டை அவர் தாண்டியது அன்றுதான். அண்ணனின் காலடியில் உட்கார்ந்து, அவர் பாதத்தில் கையை வைத்தபடி வெகுநேரம் இருந்தார். அழவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியும். விழாவில் பாதியில் எழுந்து போனவள் என்பதும் தெரியும்.

"எங்கக்கா போயி இத்தன வருஷத்துல அவ பேரு என்னான்னு எங்கிட்டக் கேட்ட ஒரே ஆளு ஒங்கண்ணன்தான் தாயி" என்றார்.

அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய், சுவரில் தலையை வைத்துக்கொண்டு நின்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நான், தம்பி, அண்ணி, அண்ணன் மகள் நான்கு பேரும் சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போனோம். கையெழுத்துப் போடும் நேரத்தில் அங்கிருந்த எழுத்தர், "யோசிச்சுத்தான் போடுறீங்களாம்மா? சொத்து பெருசு" என்று கேட்டார். யோசிச்சதெல்லாம் போதும் சார் என்றேன். வீடும் அதன் இடமும் பிரசவ மருத்துவத்துக்கு மட்டும் என்று அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

பெரிய ஆஸ்பத்திரியாக உடனே ஆகிவிடவில்லை. பொறியாளர்கள் வந்து பார்த்து, பின்கட்டுத் தளத்தைப் பலப்படுத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வேலை நடக்கிறது. முன்கூடம் உறுதியாக இருப்பதால், வாரம் ஒருநாள் கர்ப்பிணிப் பெண்களுக்கு அங்கே பரிசோதனை நடக்கிறது. நர்ஸம்மா நடு அறையில் உட்கார்ந்து, சுவரிலுள்ள அந்தத் திறப்பு வழியாக மாத்திரை கொடுக்கிறார். அது அதற்காகவே வைத்த திறப்பு. அண்ணி அதே தெருவின் மறுகோடியில் ஒரு சிறிய வீட்டில் குடியிருந்துகொண்டு, பரிசோதனை நாளில் எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சுகிறார்.

முதல் நாள் நானும் போயிருந்தேன். பதினோரு பெண்கள் வந்திருந்தார்கள். இருபது வயதுகூட இருக்காது, ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே தயங்கி நின்றாள். வெளியூரிலிருந்து வாழ வந்தவள்.

"இது யாரு வூடுங்க? உள்ள வரலாமா?" என்று என்னைக் கேட்டாள்.

வாழ்நாள் முழுதும் அந்தக் கேள்விக்கு நான் சொல்லிவந்த பதில் ஒன்று உண்டு. அது வாயில் வரவில்லை. "ஆஸ்பத்திரிம்மா. நீ உள்ள வா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனேன்.

அண்ணனின் கடைசிப் பயணத்தில் துணை நின்ற எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது. அரியலூரில் அவரைத் தூக்கிச் சென்று, நாங்கள் வரும்வரை ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்ற ஆட்டோக்காரத் தம்பிக்கு நன்றி. சவாரிக் காசை வாங்க மறுத்து, பெயரையும் சொல்லாமல் போய்விட்டார். இந்த மலர் எப்படியாவது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். காரியங்களை முன்நின்று செய்த பங்காளிகளுக்கும், தினமும் மூன்று வேளை சோறு கொண்டுவந்து அண்ணியைச் சாப்பிட வைத்த பக்கத்து வீட்டாருக்கும், எறையூரிலிருந்தும் சிறுவாச்சூரிலிருந்தும் வேன் பிடித்து வந்து நின்ற மாட்டுக்காரர்களுக்கும் நன்றி. அந்த எழுத்துகளைக் கொஞ்சமும் சிதைக்காமல் சுத்தம் செய்து, கூலி வேண்டாம் என்று சொன்ன வேலுவுக்கு நன்றி. கேட்டைத் தாண்டி உள்ளே வந்த செல்லம்மாக்காவுக்கு நாங்கள் என்ன சொன்னாலும் போதாது. அவருடைய அனுமதியோடுதான் ராசாத்தி அம்மாளின் பெயரை இங்கே அச்சிட்டிருக்கிறோம். அந்த அம்மாளுக்குப் படம் இல்லை.

அண்ணன் கேட்ட கையெழுத்தை அவர் உயிரோடு இருக்கும்போதே நான் போட்டிருக்கலாம். போடவில்லை. எங்கள் குடும்பம் மறைத்து வைத்தது போதும் என்பதால் இதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். கடைசி வரை படித்த உங்களுக்கு நன்றி.